கமிஷனர்ஸ் கோர்ட் மீட்டிங்ல நாப்பது ஐட்டத்த ஒரே ஓட்டுல பாஸ் பண்றாங்க, இது சரியா?

ரோட்டோரவாசி:
வணக்கம் மக்களே. டெக்சாஸ்ல சிட்டி லிமிட்டுக்கு வெளிய, அன்இன்கார்ப்பரேட்டட் ஏரியால வீடு வாங்கியிருக்கோம். மழை பேஞ்சா ரோட்டோர பள்ளத்துல தண்ணி வடியாம டிரைவ்வேல ஏறுது, டிரைவ்வேக்கு அடில தண்ணி போற கல்வர்ட் பைப்ல பாதிக்கு மேல மண்ணு. கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ரோடு டிபார்ட்மென்ட்டுக்கு போன் போட்டா "உங்க ரோடு எங்க மெயின்டனன்ஸ்ல இல்ல"ன்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. அப்ப வருஷா வருஷம் நான் கட்ற பிராப்பர்ட்டி டாக்ஸ் எங்க போகுதுன்னு கடுப்புல கவுன்ட்டிய நடத்துற குழுவான கமிஷனர்ஸ் கோர்ட்டோட மீட்டிங்க ஆன்லைன்ல பாத்தேன். கோர்ட்டுன்னு பேரு, ஜட்ஜுன்னு ஒருத்தர் நடுவுல உக்காந்திருக்காரு, ஆனா கேஸ் எதுவும் இல்ல. கன்சென்ட் அஜெண்டான்னு சொல்லி நாப்பது ஐட்டம் இருக்கும், யாரும் வாசிக்கக்கூட இல்ல, "மூவ்", "செகண்ட்", எல்லாரும் ஆமா, அடுத்தது. பில்லு, கான்ட்ராக்டு, ஆள் எடுக்குறது எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. அப்புறம் ஏதோ ஒரு ப்ரோக்ளமேஷனுக்கு (பாராட்டு அறிவிப்பு மாதிரி) கால் மணி நேரம் போட்டோ எடுத்தாங்க. இது இப்படித்தான் நடக்குமா இல்ல எங்க கவுன்ட்டி மட்டும்தானா?

கணக்கர்:
எல்லா இடத்துலயும் இப்படித்தான் ப்ரோ. நான் டெக்சாஸ்லயே ஒரு கவுன்ட்டி ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன் (எதுன்னு கேக்காதீங்க). நீங்க பாத்த அந்த ஒரு நிமிஷம்தான் கடைசி ஸ்டெப்பு, வேலையெல்லாம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும். ஒரு பில்லு வருதுன்னா சம்பந்தப்பட்ட டிபார்ட்மென்ட் சரக்கு வந்துச்சுன்னு கையெழுத்து போடணும், அந்த பட்ஜெட் லைன்ல காசு இருக்கான்னு நாங்க பாக்கணும், ஆடிட்டர் ஓகே சொல்லாம கோர்ட் அத குடுக்க முடியாது. இதுல ஒரு விஷயம் நிறைய பேருக்கு தெரியாது, ஆடிட்டர கமிஷனர்ஸ் வேலைக்கு வெக்கிறதில்ல, டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜுங்கதான் நியமிக்கிறாங்க. செலவு பண்றவரே கணக்கு பாக்குற ஆளயும் தூக்கிறக்கூடாதுன்னுதான்.

மத்தபடி கவுன்ட்டி ஜட்ஜ் ஒருத்தர், பிரிசிங்ட்டுக்கு (கவுன்ட்டிய நாலா பிரிச்ச பகுதி) ஒருத்தரா நாலு கமிஷனர், மொத்தம் அஞ்சு ஓட்டு. 254 கவுன்ட்டிக்கும் இதே அமைப்புதான், 2020 சென்சஸ்ல 64 பேர் இருந்த லவிங் கவுன்ட்டிக்கும் அஞ்சு பேரு, 47 லட்சம் பேர் இருந்த ஹாரிஸ் கவுன்ட்டிக்கும் அஞ்சு பேரு. கவுன்ட்டி ஜட்ஜ் வக்கீலா இருக்கணும்னுகூட கிடையாது. சின்ன கவுன்ட்டில அவரு கேஸும் பாப்பாரு, பெரிய ஊர்ல முழுக்க நிர்வாகம்தான்.

உங்க ரோடு விஷயத்துக்கு வர்றேன், அந்த போரடிக்கிற கன்சென்ட் லிஸ்ட்லதான் உங்க பதிலே இருக்கு. பில்டர் சப்டிவிஷன் (மனை பிரிச்சு போடுற குடியிருப்பு) போடும்போது பிளாட் மேப்ப (மனை, ரோடு எல்லாம் காட்டுற வரைபடம்) கோர்ட் அப்ரூவ் பண்ணும். ஆனா மேப்ப அப்ரூவ் பண்றதும் ரோட்ட மெயின்டனன்ஸுக்கு ஏத்துக்குறதும் வேற வேற. பில்டர் ரோடு போட்டு, பாண்டு (வேலைக்கான பண உத்தரவாதம்) குடுத்து, கொஞ்ச காலம் அவரே பாத்துக்கணும், அப்புறம் கவுன்ட்டி ஆள் வந்து பாத்து ஓகே சொன்னாதான் "இன்ன செக்‌ஷன் ரோடுகள மெயின்டனன்ஸுக்கு ஏத்துக்குறோம்"னு தனியா ஒரு ஐட்டம் வரும். அது வரலேன்னா கவுன்ட்டி வண்டி உங்க தெருவுக்கு வராது. பிரைவேட் ரோடா இருந்தா சுத்தம், கவுன்ட்டி காசுல அத ரிப்பேர் பண்றதுக்கு பெரும்பாலும் சட்டமே இடம் குடுக்காது. கவுன்ட்டி கிளர்க் ஆபீஸ்ல உங்க பிளாட்டையும் பழைய மினிட்ஸையும் (மீட்டிங் பதிவு) கேளுங்க, சப்டிவிஷன் பேரு சொன்னா போதும். அப்படியே உங்க டாக்ஸ் பில்லுல மட்னு (முனிசிபல் யுடிலிட்டி டிஸ்ட்ரிக்ட்) ஒரு வரி இருக்கான்னு பாருங்க, இருந்தா வடிகால் அவங்க பொறுப்பா இருக்க சான்ஸ் உண்டு.

வெட்டிப்பேச்சு வேலுச்சாமி:
கணக்கர் அண்ணே ரொம்ப நல்லவரா பேசுறாரு, ஆனா கன்சென்ட் அஜெண்டால சமாச்சாரத்த பொதச்சு வெக்கிறதும் நடக்கும். "லைன் ஐட்டம் டிரான்ஸ்ஃபர்"னு ரெண்டே வார்த்தைல போட்டிருப்பாங்க, உள்ள பேக்கப் டாக்குமெண்ட்ட தொறந்தா கிராவல் வாங்க வெச்ச காச எடுத்து ஜெயில் மெடிக்கலுக்கு போட்டிருப்பாங்க. அஜெண்டா ஹெட்டிங்க மட்டும் படிச்சா ஒண்ணும் புரியாது, பிடிஎஃப் பாக்கெட்ட எறக்கிப் பாக்கணும். சந்தேகமா ஒண்ணு இருந்தா மீட்டிங்குக்கு முந்துன நாளே உங்க பிரிசிங்ட் கமிஷனர் ஆபீஸுக்கு மெயில் போட்டு "இந்த ஐட்டத்த தனியா எடுங்க"ன்னு கேளுங்க, கோர்ட்ல யாராவது ஒருத்தர் சொன்னா கன்சென்ட்லருந்து வெளிய எடுத்து பேசுவாங்க.

கணக்கர்:
@வேலுச்சாமி ஜெயில் மெடிக்கல் நீங்க சொன்னது கரெக்ட், ஆனா அதுல திருட்டுத்தனம் ஒண்ணும் இல்லங்க. கவுன்ட்டி ஜெயிலுக்குள்ள இருக்கவருக்கு டயாலிசிஸ் வேணும்னா குடுத்துதான் ஆகணும். வக்கீல் வெக்க வசதியில்லாதவங்களுக்கு கோர்ட் வக்கீல் போட்டா அதோட பெரும்பங்கு செலவும் கவுன்ட்டி தலைலதான். இதெல்லாம் போக மிச்சம் இருக்கிறதுலதான் ரோடு. ஷெரிஃப் தனியா எலெக்‌ஷன்ல ஜெயிச்சு வந்தவரு, கமிஷனர்ஸ் அவருக்கு பட்ஜெட் போடலாம், ஆனா யாருக்கு எங்க டியூட்டின்னு சொல்ல முடியாது. டாக்ஸ் அசெசர், கிளர்க், டிரெஷரர் எல்லாரும் அப்படித்தான், ஆளாளுக்கு தனி ராஜாங்கம்.

ரோட்டோரவாசி:
ரொம்ப நன்றி, பிளாட் மேட்டர் சுத்தமா தெரியாது. இன்னொண்ணு, அந்த மீட்டிங்ல ஒரு அம்மா மைக்ல போய் அழாத குறையா அவங்க தெரு பத்தி பேசுனாங்க, அஞ்சு பேரும் கல்லு மாதிரி உக்காந்துட்டு "தேங்க்யூ மேம்"னு அனுப்பிட்டாங்க. ஏன் சார் ஒரு பதில் கூட சொல்ல மாட்டாங்களா?

நிழல்மரம்:
அது திமிரு இல்ல, சட்டம் அப்படி. டெக்சாஸ் ஓபன் மீட்டிங்ஸ் ஆக்ட்படி அஜெண்டால இல்லாத விஷயத்த பொதுஜனம் யாராவது பேசுனா கோர்ட்ல இருக்கவங்க உண்மைத் தகவல் ஒண்ணு சொல்லலாம், இருக்கிற பாலிசிய சொல்லலாம், இல்ல அடுத்த மீட்டிங்ல சேக்கலாம்னு சொல்லலாம், அதுக்கு மேல விவாதிக்கக்கூடாது, முடிவும் எடுக்கக்கூடாது. அதே மாதிரி அஞ்சு பேர்ல மூணு பேர் தனியா உக்காந்து கவுன்ட்டி விஷயம் பேசுனாலே அது கோரம் (மீட்டிங் நடத்த தேவையான குறைஞ்சபட்ச ஆள்), மீட்டிங் கணக்கு. அதனால உங்க கமிஷனர் "மத்தவங்ககிட்ட பேசிப் பாக்குறேன்"னு ஈசியா சொல்ல மாட்டாரு. உங்க ஐட்டம் அஜெண்டால ஏறணும், அதுதான் ஒரே வழி. ஏறிட்டா, ஓட்டுக்கு முன்னாடி உங்கள பேச விட்டே ஆகணும், 2019ல அதுக்கு தனியா சட்டமே வந்துச்சு.

கோரம்னதும் ஞாபகம் வருது, டாக்ஸ் ரேட் ஓட்டுக்கு மட்டும் மூணு பேர் பத்தாது, நாலு பேர் இருக்கணும். ஹாரிஸ் கவுன்ட்டில 2019லயும் 2022லயும் ரெண்டு கமிஷனர் மீட்டிங்குக்கே வராம இருந்து மெஜாரிட்டி கேட்ட ரேட்ட வரவிடாம பண்ணாங்க. மூணு ஓட்டு கையில இருந்தும் ஒண்ணும் பண்ண முடியல!

பழைய வர்ஜீனியாக்காரன்:
நாங்க இருந்த வர்ஜீனியால போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ், அன்றாட வேலைய சம்பளத்துக்கு வெச்ச கவுன்ட்டி அட்மினிஸ்ட்ரேட்டர் பாத்துக்குவாரு. ரோடு பெரும்பாலும் ஸ்டேட்டோடது, அதனால கவுன்ட்டில போய் குழி பத்தி கத்துனா பிரயோஜனமே இல்ல. கனெக்டிகட்ல 1960ல கவுன்ட்டி கவர்ன்மென்ட்டையே கலைச்சுட்டாங்க. ஒரு ஸ்டேட்ல கேட்டத இன்னொரு ஸ்டேட்ல அப்ளை பண்ணாதீங்க.

கணக்கர்:
கடைசியா ஒண்ணு. நிறைய கவுன்ட்டிக்கு அக்டோபர் 1ல பட்ஜெட் வருஷம் ஆரம்பிக்கும், அதனால பட்ஜெட் ஒர்க்‌ஷாப் எல்லாம் கோடைலயே நடக்கும். செப்டம்பர் ஓட்டு அன்னிக்கு ஹால் நிறைய வந்து கத்துவாங்க, அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். ஒர்க்‌ஷாப்ல பாத்தா பொதுஜனம் சேர் காலியா கெடக்கும். உங்க ரோடு அக்செப்ட் ஆகலன்னா பக்கத்து வீட்டுக்காரங்க கையெழுத்தோட ஒரு லெட்டர், மழைத்தண்ணி போட்டோ நாலு, பிளாட் காப்பி ஒண்ணு, எல்லாத்தையும் ஜூன்லயே கமிஷனருக்கு அனுப்புங்க. பில்டர் பாண்டு இன்னும் முடியலன்னா கவுன்ட்டி காசே வேணாம், பாண்ட காட்டி அவரையே சரிபண்ண வெக்கலாம். அதனால மொதல்ல பாண்டு தேதிய பாருங்க.