வன்னியில் துக்க வீட்டுப் பணி: அனுபவப் பகிர்வு

போதகர், கிளிநொச்சி

செத்தவீட்டுக்குப் போகிற போதகர் முதலில் விசாரித்து அறிய வேண்டியது, அந்த வீட்டில் இன்னும் யார் திரும்பி வரவில்லை என்பதை. எந்தச் சபை, ஞானஸ்நானம் எடுத்தவரா என்பதெல்லாம் பிறகு. இங்கே ஒரு தகப்பன் எண்பது வயதில் படுக்கையில் போனாலும், 2009 இல் போர் முடிந்தபோது காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்கான அழுகையும் அதே பந்தலுக்குள் வந்துவிடும். ஒப்பாரியில் மகனின் பெயர் வந்தால் பாட்டைத் தொடங்கி அதை அமத்தப் பார்க்காதீர்கள். பாட்டு காத்திருக்கும்.

யோபுவிடம் வந்த சிநேகிதர் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் இருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி, வாய் திறந்த பிறகுதான் எல்லாம் பிழையாய்ப் போனது. ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்’ என்பது யோபு தன் இழப்பைப் பற்றித் தானே சொன்ன சொல். வந்திருந்தவர்கள் அவனுக்குச் சொன்னதல்ல. நாங்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளையை இழந்த தாயிடம் சொல்கிறோம். அவ தலையாட்டுவா, அடுத்த ஞாயிறு கோயிலுக்கு வரமாட்டா.

காணாமல் ஆக்கப்பட்டவருக்காக ஜெபிக்கும்போது வினைச்சொல்லில் கவனம் வேண்டும். ‘இருந்தார்’ என்றால் நீங்களே மரணச் சான்றிதழ் எழுதிக் கொடுத்த மாதிரி. ‘திரும்பி வருவார்’ என்றால் உங்களால் காப்பாற்ற முடியாத வாக்குறுதி. ‘ஆண்டவரே, பிள்ளை எங்கே இருந்தாலும் உம்முடைய கண்ணுக்கு முன்னால்தான்’ என்பதோடு நிறுத்தலாம். ஜெபம் இரண்டு நிமிடம் போதும்.

பிரசங்கத்துக்குப் பத்து நிமிடம். பின்னேரம் இரண்டு மூன்று மணி வெயிலில் தறப்பாளுக்குக் கீழே அதற்கு மேல் ஒருவரும் கேட்பதில்லை. இரட்சிப்புக்கு அழைப்பு விடுக்க இது இடமில்லை. வன்னியில் அநேகமான வீடுகளில் பாதிச் சனம் சைவம். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மனந்திரும்பச் சொன்னால், அடுத்த தகராறு சுடலையிலா சேமக்காலையிலா (கிறிஸ்தவ இடுகாட்டிலா) என்பதில் வந்து முடியும். எங்கே அடக்கம், யார் முன்னுக்கு நிற்பது, வாய்க்கரிசி போட விடுவதா என்பதை ஆள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிய எழுதி வைப்பிக்க வேண்டும். மதம் மாறிய ஒரு பிள்ளையிடம் மட்டும் சொல்லிவைத்தது மற்றப் பிள்ளைகளிடம் எடுபடாது.

சேமக்காலை வேலை பார்ப்பவர், முல்லைத்தீவுக் கரை

குழி பிழையாய்ப் போனால் போதகர் ஐயாவின் பிரசங்கம் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. அதனால் இதையும் எழுதுகிறேன்.

கரைப்பக்கம் முழுக்க மணல். ஏழடி நீளம், மூன்றடி அகலம் என்று அளவாக வெட்டினால் நாலடி போக முன்னம் கரை சரியும். மேல்வாயை ஒரு அடி அகட்டி வெட்டி, இரண்டு பக்கமும் பழைய தகரம் வைத்து, குறுக்கே கம்பு முட்டுக் கொடுங்கள். பெட்டி இறங்கின பிறகு கம்பை எடுத்து, மண் போடப் போடத் தகரத்தை மெதுவாக உருவுங்கள். ஒரேயடியாக இழுத்தால் மண் பெட்டிக்கு மேல் பொதுக்கென்று விழும். அந்தச் சத்தத்தை வீட்டுக்காரர் கேட்கக் கூடாது.

மாரியில் முதல் நாளே வெட்டி வைக்காதீர்கள், விடிய ஊற்றுத் தண்ணீர் நிற்கும். அடக்கத்தன்று காலையில் தொடங்கி, நாலரை அடியில் ஈரம் கண்டால் அதோடு விடுங்கள். குறைந்த ஆழத்துக்கு மேலே மண்ணை உயர்த்தலாம். பெட்டி தண்ணீரில் மிதந்தால் ஒன்றும் செய்ய ஏலாது. இறக்கத் தும்புக் கயிறு மூன்று வேண்டும். நைலோன் கயிறு நனைந்த கையில் வழுக்கும்.

கல்லறை கட்ட அவசரப்படுகிறவர்கள் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள்தான். விடுமுறைக்கு வந்து நிற்கிற இரண்டு கிழமைக்குள் கட்டி முடிக்க வேணும் என்பார்கள். ஒரு மாரி முழுக்கப் பெய்து மண் இறுகாமல் சீமெந்து போட்டால் அடுத்த வருடம் நடுவில் வெடிக்கும். அதுவரைக்கும் மரச்சிலுவை போதும்.

உபதேசியார், மடுப் பக்கம்

மேலே போதகர் சொன்ன ‘வினைச்சொல்’ விசயம் எங்கள் பக்கத்தில் நவம்பர் 2 ஆம் திகதி, சகல ஆன்மாக்கள் தினத்தில்தான் கூடச் சிக்கலாகும். திருப்பலியில் வாசிக்கப் பெயர் கேட்டால் சில தாய்மார் பிள்ளையின் பெயரைத் தருவார்கள், சிலர் தரமாட்டார்கள். தராதவரிடம் இரண்டாம் தரம் கேட்க வேண்டாம். தந்தவரிடம், இறந்தவர் பட்டியலா தேடப்படுகிறவர் பட்டியலா என்று தனியாகக் கேளுங்கள். ஒரே வீட்டில் தகப்பன் ஒன்றும் தாய் மற்றதும் சொல்வதுண்டு. அப்படியானால் தேடப்படுகிறவர் பட்டியலில் போடுங்கள்; பிறகு மாற்றுவது சுகம்.

இது அலுவலகத்திலும் இருக்கிற பிரிவுதான். காணாமல்போனவருக்கு மரணப் பதிவு எடுக்க 2010 இல் ஒரு சட்டம் வந்தது. பல குடும்பங்கள் அதை வாங்க மறுத்தன. 2016 திருத்தத்தில், இறந்தார் என்று சொல்லாமல் ஆளைக் காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு வழி வந்தது. இரண்டில் எதை எடுக்கலாம் என்று பங்குத்தந்தையிடம் வந்து கேட்பார்கள். வித்தியாசத்தை விளக்குவது எங்கள் வேலை, தெரிவு அவர்களுடையது.

கணக்குக் கேட்பதும் மேய்ப்புப் பணிதான் என்று காட்டியவர் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை. 2011 ஜனவரியில், போரைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் அவர் வைத்தது வெறும் கழித்தல். 2008 ஒக்ரோபரில் கச்சேரி (மாவட்டச் செயலகம்) கணக்கில் வன்னியில் இருந்தவர் 429,059. 2009 மே வரை வெளியே வந்தவர் 282,380. மிச்சம் 146,679 பேர் எங்கே?

பெண்கள் ஐக்கியப் பொறுப்பாளர், புதுக்குடியிருப்பு

31 ஆம் நாள் நினைவோடு சனம் கலைந்துவிடும். கதிரையும் பந்தலும் திரும்பிப் போன பிறகு அந்த வீட்டுக்கு ஒருவரும் வருவதில்லை. எங்கள் ஐக்கியத்தில் ஒரு கொப்பி வைத்து, மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், இறந்தவரின் பிறந்தநாள், முதல் நத்தார் என்று திகதி போடுகிறோம். இரண்டு பேராகப் போவது, அதில் ஒருவர் கட்டாயம் பெண். கூலிக்குப் போகிற வீடென்றால் பின்னேரம் நாலரைக்குப் பிறகு. அவ பாயில் இருந்தால் நீங்களும் பாயில். தேத்தண்ணி தந்தால் குடிக்க வேணும், ‘வேண்டாம் அக்கா’ என்றால் அவவுக்கு ஒரு மாதிரி இருக்கும். வேதாகமத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, ‘அவரைப் பற்றிக் கதைப்பமோ?’ என்று கேளுங்கள்.

நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை என்று கிழமைக்கணக்கில் போனால், ‘நானும் போயிருந்தால்’ என்ற கதை வந்தால், அது ஜெபத்தோடு நிற்கிற விசயமில்லை. ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926 க்கும் கதைக்கலாம். வயல் வீடென்றால் பூச்சிமருந்துப் போத்தல் எங்கே இருக்கிறது என்று அன்றைக்கே பார்த்து, வேறு வீட்டில் வைப்பியுங்கள். விசுவாசம் குறைந்ததால் வந்தது என்று சொல்கிறவரை அந்தப் படலைக்குள் விடாதீர்கள்.

முள்ளிவாய்க்காலின் நினைவாகக் காய்ச்சும் மே 18 கஞ்சிக்கு ஒரு கிலோ அரிசி, பத்து லீற்றர் தண்ணீர், உப்பு. ஐம்பது பேருக்குக் கிட்டத்தட்ட ஒவ்வொரு கப் வரும். ஆற ஆறத் தடிக்கும், அதனால் சுடுதண்ணீர் ஒரு பானை பக்கத்தில் வேணும். தேங்காய்ப்பால் விடலாமா என்று வருடா வருடம் ஒரு வாதம் நடக்கும். 2009 இல் அங்கே பால் இருக்கவில்லை. விடாமல் இருப்பதுதான் பொருத்தம்.

போதகர், கிளிநொச்சி

வேதபாடம் பற்றி ஒன்று விட்டுப்போனது. காணாமல் ஆக்கப்பட்டோர் குடும்பங்களுக்கு யாக்கோபை எடுக்காதீர்கள். மகன் யோசேப்பு செத்தான் என்று நம்பி, ஆறுதலுக்கு இணங்காமல் அழுத தகப்பன் என்று தொடங்கச் சுகம். ஆனால் யோசேப்பு உயிரோடு இருந்தான், கேட்கிற தாய் அதைத்தான் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவா. 2 சாமுவேல் 21 இல் ரிஸ்பாள் இருக்கிறாள். அறுவடை தொடங்கினதிலிருந்து மழை பெய்யுமட்டும் கற்பாறையில் இரட்டு விரித்து, கொல்லப்பட்ட தன் பிள்ளைகளின் உடல்களைப் பகலில் பறவையையும் இரவில் மிருகத்தையும் அண்டவிடாமல் காத்தவள். தாவீது ராஜாவிடம் அவள் ஒரு வார்த்தையும் பேசினதாக எழுதியில்லை, ஆனாலும் எலும்புகளைச் சேர்த்து அடக்கம்பண்ண அவன் இறங்கிவர வேண்டியிருந்தது. 2017 பெப்ரவரியிலிருந்து தெருவோரக் கொட்டிலில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு போராட்டத்தில் இருக்கிற அம்மாமாருக்கு இதை விளக்கத் தேவையில்லை, வாசித்தாலே போதும். அவளுக்கு உடலாவது இருந்தது என்று ஒருவர் சொல்லக்கூடும். சொன்னால் மறுக்காதீர்கள்.

உபதேசியார் சொன்ன பட்டியல்கள் இரண்டையும் வெவ்வேறு தாளில், பெரிய எழுத்தில், ஊர்ப் பெயரோடு எழுதி, முந்தின கிழமையே குடும்பத்திடம் காட்டித் திருத்துங்கள். பெயருக்கு ஆறு செக்கன் என்றால் நூறு பெயருக்குப் பத்து நிமிடம். நேரமில்லையென்று சுருக்குவதானால் பிரசங்கத்தைச் சுருக்குங்கள்.