ட்ரோனில் யூடி ரீடிங் கூடுதலாக வருகிறது, அவசரம்

துவாஸ்_தம்பி:
நண்பர்களே, சிங்கப்பூர் துவாஸில் டிரை டாக்கில் (தண்ணீரை வெளியேற்றிய பழுதுபார்ப்புத் துறையில்) நிற்கிற பழைய கப்பல். பேலஸ்ட் டேங்குக்குள் (கப்பலை நிலைநிறுத்தக் கடல்நீர் நிரப்பும் தொட்டி) ட்ரோன் விட்டு, ஒலி அலை தகட்டுக்குள் போய்த் திரும்பும் நேரத்தை வைத்து (அதுதான் யூடி, அல்ட்ராசோனிக்) தகட்டின் கனம் அளக்கிறோம். டிராயிங்கில் 12 மி.மீ., ட்ரோனில் 12.7, 12.8 வருகிறது. பழைய தகடு எப்படித் தடிக்கும்? சாயங்காலம் கப்பலைச் சோதிக்கும் சர்வேயர் வருகிறார்.

என்டிடி_செல்வி:
எந்த ப்ரோப் (தகட்டில் வைக்கும் சென்சார்)? பெயிண்டைச் சுரண்டினீர்களா, மேலேயே வைத்தீர்களா? கனம் காட்டும் கேஜ் எந்த மோடில் இருக்கிறது?

கடல்காற்று:
வெயில்தான் காரணம். சூட்டில் ஒலி மெதுவாகப் போகும், கனம் கூடித் தெரியும். ராத்திரி அளந்து பாருங்கள்.

பழைய_இன்ஸ்பெக்டர்:
55 டிகிரி சூடு ஏறினால்தான் சுமார் 1 சதவீதம் மாறும். 12 மி.மீ.க்கு 0.1 தான். இதெல்லாம் பாலபாடம். அடிப்படை தெரியாமல் ட்ரோனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஸ்டேஜிங் (சாரம்) கட்டி, சுத்தியலால் தட்டிப் பார்த்த காலத்தில் இந்தக் குழப்பம் உண்டா?

கப்பல்_ஃபிட்டர்:
அண்ணே, அந்தக் காலத்தில் ஆள் செத்ததும் உண்டு. மூடிக் கிடந்த டேங்கில் துருவே ஆக்சிஜனைத் தின்றுவிடும். 21 சதவீதம் இருக்கிறதா என்று பார்க்காமல் இறங்கியவர் ஏணியடியில் விழுவார், தூக்கப் போனவரும் அங்கேயே விழுவார். ஒரு ஆள் இறங்காமல் வேலை முடிந்தால் எனக்கு அதுவே பெரிது.

பழைய_இன்ஸ்பெக்டர்:
மோசமான அரிப்பு தெரிந்தால் சர்வேயர் கைக்கெட்டும் தூரத்தில் போய்ப் பார்க்கத்தான் கேட்பார்.

கப்பல்_ஃபிட்டர்:
சரி, அந்த இடத்துக்கு மட்டும் ஸ்டேஜிங் கட்டுங்கள். டேங்க் முழுக்க எதற்கு?

என்டிடி_செல்வி:
சண்டை அப்புறம். தம்பி, பெயிண்ட் மேலேயே வைத்திருந்தால் காரணம் அதுதான். எஃகில் ஒலி விநாடிக்குச் சுமார் 5900 மீட்டர் போகும், பெயிண்டில் அதில் பாதிகூட இல்லை. அதனால் 0.3 மி.மீ. பெயிண்டை கேஜ் 0.7 மி.மீ. எஃகாக எண்ணிக்கொள்ளும். எக்கோ டு எக்கோ மோடுக்கு மாற்றுங்கள். தகட்டுக்குள் அடுத்தடுத்து வரும் எக்கோக்களின் இடைவெளியை மட்டும் எடுக்கும், பெயிண்ட் கணக்கில் வராது. முதலில் டெஸ்ட் பிளாக்கில் (கனம் தெரிந்த எஃகுத் துண்டு) வைத்துச் சரிபாருங்கள். பின்பக்கம் குழி விழுந்திருந்தால் இரண்டாவது எக்கோ கிடைக்காமல் போகலாம். அங்கே சுரண்டித்தான் அளக்க வேண்டும்.

கடல்காற்று:
ப்ரோபுக்கும் தகட்டுக்கும் நடுவே தடவும் ஜெல் போதாமலும் இருக்கலாம்.

துவாஸ்_தம்பி:
பெயிண்ட் மேலேதான் வைத்தோம். மாற்றியதும் 11.9 வந்தது. ஒரு பிரேம் (கப்பலின் விலா எலும்பு போன்ற சட்டம்) பக்கத்தில் மட்டும் ரீடிங்கே விழவில்லை. நன்றி அக்கா, சர்வேயர் வந்துவிட்டார்.

என்டிடி_செல்வி:
விழாத இடத்தை விட்டுவிடாதீர்கள், சர்வேயரிடம் அதைத்தான் முதலில் காட்ட வேண்டும். எந்த பிரேம்? அடித்தகடா, பக்கத்தகடா?