ரிக் வேக்மேன் சத்தம் ஒரே கீபோர்டில் வருமா?

மார்த்தாண்டம் க்வயர்:
அண்ணன்மாரே, யெஸ்ங்கிற பிரிட்டிஷ் ராக் குழுவின் ரிக் வேக்மேன் வாசிச்ச மெலோட்ரான், ஆர்கன், மினிமூக் சிந்தசைசர் மூணையும் கேரலுக்கு ஒரே கீபோர்டில் கொண்டுவரணும். ‘ஸ்ட்ரிங்ஸ்’ வச்சா சினிமாப் பின்னணி மாதிரி ஆயிடுது. இன்னொண்ணு, மேல் சி கட்டை மட்டும் மெல்லத் தொட்டாலே அலறுது.

தக்கலை:
வரும் மக்கா. அவரு அத்தனை கருவியைச் சுத்தி அடுக்கினது, ஒவ்வொண்ணும் ஒரு வேலைதான் செய்யும்ங்கிறதால. அந்தக் குறையைப் பிடிச்சா சத்தம் தானா வரும், கேட்டியா.

மெலோட்ரான்ல ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு டேப் துண்டு. அமுக்கினா ஓடும், சுமார் 8 விநாடியில தீரும், விட்டா ஸ்பிரிங் பின்னால இழுத்துக்கும். அதனால டச்சை (அமுக்குற பலத்துக்கேத்தபடி சத்தம் மாறுறது) ஆஃப் பண்ணு, ரிலீஸை (கட்டையை விட்டபிறகு நீளுற சத்தம்) குறை, சஸ்டெயின் பெடலைத் தொடாதே. ஒரே கார்டை 7 விநாடிக்கு மேல பிடிக்காதே. ஒவ்வொரு விரலா மாத்தி அடுத்த இன்வர்ஷனுக்கு (அதே கார்டோட சுரங்களை வரிசை மாத்திப் பிடிக்கிறது) நகரு. 1969ல, 20 வயசுல, டேவிட் போவியோட ‘ஸ்பேஸ் ஆடிட்டி’யில அவரு வாசிச்சது மெலோட்ரான்தான்.

ஆர்கனுக்கு டிராபார் (சத்தக் கலவையை மாத்துற ஒன்பது இழுகட்டைகள்) 888000000, பெர்கஷன் (சுரம் தொடங்கும்போது வர்ற தட்டல்) மூணாவது ஹார்மோனிக். எல்லாக் கட்டையையும் விட்டுட்டு அடிச்சாத்தான் அந்த ‘டக்’ வரும். ஒட்டி வாசிச்சா முதல் சுரத்தோட போச்சு. சர்ச் ஆர்கன் பகுதிக்கும் இதுவே போதும், லெஸ்லியை (சுத்துற ஸ்பீக்கர் எஃபெக்ட்) மெதுவா வையி.

குளச்சல்:
கடைசி வரி மட்டும் சரியில்ல அண்ணாச்சி. 1972ல வந்த யெஸ்ஸோட ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ல கேக்கிறது லண்டன் செயின்ட் கைல்ஸ் கிரிப்பில்கேட் கோயில்ல பதிஞ்ச பைப் ஆர்கன். குழாய் சுத்தாது. தம்பி, லெஸ்லியை முழுக்க அணைச்சிட்டு, ‘பைப் ஆர்கன்’ டோன்ல நீள ரிவெர்ப் வையி.

மினிமூக்ல ஒரு நேரம் ஒரு சுரம்தான். ஜாக் வைல்ட்ங்கிற நடிகர் இதை ரிப்பேர்னு நினைச்சு பாதி விலைக்குத் தனக்குக் கொடுத்ததா வேக்மேனே சொல்லியிருக்கார். உன் கீபோர்டை மோனோவுக்கு மாத்து, போர்ட்டமென்டோ (சுரத்துக்குச் சுரம் வழுக்குறது) கொஞ்சம் போதும். அசல்ல கீழ்ச்சுரத்துக்குத்தான் முன்னுரிமை. கீழ்க்கட்டையை விடாம மேல்கட்டையை அமுக்கினா சத்தமே மாறாது. அதான் அவரோட ஓட்டங்கள் அவ்வளவு சுத்தமா பிரிஞ்சு கேக்கும்.

சி கட்டை விஷயம்: அடியில ரப்பர்ல ரெண்டு கார்பன் பொட்டு உண்டு. ரெண்டும் தொடுற இடைவெளியை வச்சுத்தான் கீபோர்டு பலத்தைக் கணக்குப் போடும். தூசியோ உப்புக்காத்தோ படிஞ்சு முதல் பொட்டு பிந்திச்சுன்னா இடைவெளி சுருங்கும், ஓங்கி அடிச்சதா எடுத்துக்கும். பிளக்கைப் பிடுங்கி, திறந்து, பொட்டையும் போர்டுல கறுப்புத் தடத்தையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட நூல் பிரியாத துணியால மெல்லத் துடை. உப்புத்தாள் போட்டா கார்பனே போயிடும். நல்லாக் காஞ்சபிறகு ரப்பரோட கால் ஒவ்வொண்ணும் குழியில முழுசா இறங்கிச்சான்னு பாத்து மூடு. ஒண்ணு தூக்கி நின்னாலும் பக்கத்துக் கட்டை அலற ஆரம்பிச்சிடும்.