மாமல்லபுரம் 400 ரூபாயா? அந்தப் புளியோதரைக்கு என்ன விலை?

மாம்பலத்தான்:
நாலு பேர் குடும்பம் சென்னையிலிருந்து மாமல்லபுரம் போய்வர 400 ரூபாய் போதும் என்று கணக்குப்பிள்ளை நேற்று எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. போன மாதம் எனக்கு 2,300 ஆனது. இவர் புளியோதரை கட்டிக்கொண்டு போனாராம், அதனால் சாப்பாட்டுச் செலவு பூஜ்யமாம்! புளி மரத்திலிருந்து நேராகத் தூக்குவாளியில் விழுந்ததோ?

கணக்குப்பிள்ளை:
நுழைவுச்சீட்டு தலைக்கு 40. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் அதே சீட்டுதான். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் சீட்டே வேண்டாம். ஆக 80. மீதி பேருந்துக்கு. அதிலும் வீட்டுக்காரிக்குக் கட்டணமில்லை. புளியோதரை, வீட்டில் இருந்தாலும் தின்றிருப்போம். அது செலவே இல்லை. உங்கள் 2,300-இல் கார் வாடகை எவ்வளவு? அதைச் சொல்லுங்கள்.

மாம்பலத்தான்:
காரை விடுங்கள். புளியோதரைக்கு வாருங்கள்.

ரெண்டு பிள்ளைக்காரி:
மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-இல் வந்தது, சரி. அது சாதாரணக் கட்டணப் பேருந்தில் மட்டும்தான். நீங்கள் ஏறியது எது? அப்புறம், விடியற்காலையில் எழுந்து புளியோதரை கிளறியது யார்? அந்தக் கூலி எந்த வரியில் இருக்கிறது?

கணக்குப்பிள்ளை:
நான்தான் கிளறினேன் அம்மா. அரிசி ரேஷனில் இலவசம், 2011-இலிருந்து.

மாம்பலத்தான்:
நல்லெண்ணெயும் ரேஷனில் ஊற்றுகிறார்களா? அங்கே கிடைப்பது பாமாயில். பாமாயிலில் புளியோதரை கிளறுகிறவரிடம் எனக்குப் பேச்சில்லை.

கணக்குப்பிள்ளை:
பேச்சில்லை என்கிறீர்கள், ஆனால் இதோடு மூன்று முறை எழுதிவிட்டீர்கள். எங்கள் வீட்டில் செக்கு நல்லெண்ணெய்தான்.

மாம்பலத்தான்:
செக்கு எண்ணெயா! அப்போ 400 எப்படி ஐயா வரும்?

ஈரோட்டுக்காரன்:
சோற்றில் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது? துணியில் பிடியுங்கள். எங்கள் ஊர் ஜவுளிச் சந்தைக்குத் திங்கள் ராத்திரி வந்தால் செவ்வாய்க்குள் தீபாவளிக்கே எடுத்துவிடலாம். ஆடித் தள்ளுபடி என்று நகரத்துக் கடையில் முண்டியடிப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
சென்னையிலிருந்து ஈரோடு வர ரயில் கட்டணம் யார் தருவார்? கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30% தள்ளுபடி இருக்கிறது. நடந்தே போய்விடுவேன்.

மாம்பலத்தான்:
பார்த்தீர்களா! அவர் துணிக்கு ரயில் கட்டணம் கணக்கில் வரும், இவர் புளியோதரை மட்டும் வராது.

கணக்குப்பிள்ளை:
ரயிலும் புளியும் ஒன்றா? பொங்கலுக்கு நீங்கள் கைகாட்டிய கடையில் எடுத்த சட்டை முதல் துவைப்பிலேயே வாளியை நீலமாக்கியது. நான் மறக்கவில்லை.

மாம்பலத்தான்:
ஊற வைக்காதீர்கள் என்று அப்போதே சொன்னேன். படிக்காமல் ஊற வைத்தது நீங்கள்.

ஈரோட்டுக்காரன்:
சாயச் சட்டையை உப்புத் தண்ணீரில்...

கணக்குப்பிள்ளை:
உப்பும் போட்டாயிற்று. இருக்கட்டும். வரும் ஞாயிறு எலியட்ஸ் கடற்கரை போகிறோம். சீட்டு கிடையாது. எலுமிச்சை சாதம். ராத்திரி கணக்கைப் போடுகிறேன், எல்லாரும் வந்து பாருங்கள்.

மாம்பலத்தான்:
எலுமிச்சம்பழம் ஒன்று என்ன விலை?