மறு: ரப்பர் சிதைவு – ‘இற்றுப்போதல்’ என்றே வைத்துக்கொள்ளலாமா?

அனைவருக்கும் வணக்கம். பழைய பொருள் சேகரிப்பின் பட்டியலில், ரப்பர் போன்ற நெகிழ்மங்கள் கெட்டுப்போன நிலையைக் குறிக்க என்ன சொல் போடலாம் என்ற பேச்சில் வந்த இந்தக் கருத்துக்கு என் பதில்:

> பழைய நச்சுவாயு முகமூடி, எக்ஸ்ரே அங்கி, விண்வெளி உடை எல்லாவற்றுக்கும் ‘நெகிழ்மச் சிதைவு’ என்று பட்டியலில் ஒரே சொல்லாகப் போட்டுவிடலாம்.

ஐயா, ‘சிதைவு’தான் இடிக்கிறது. கோயிலும் சிதையும், குடும்பமும் சிதையும். பொருளைக் கையில் எடுக்கப்போகிறவருக்கு அது ஒட்டுமா, ஒடியுமா, உதிருமா என்று தெரிய வேண்டும். அந்த மூன்றையும் ஒரே சொல்லில் மூடி மறைத்தால் பட்டியல் எதற்கு?

முதலில், காய்ந்து வெடித்து, இழுத்தால் அறுந்துவிடும் வகை. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரைத் தின்பதால் வருவது. ஓசோன் வெடிப்பு இழுபட்டு நிற்கும் இடத்தில்தான் முதலில் தெரியும். முகமூடியை ஆணியில் வாரோடு தொங்கவிடாதீர்கள் என்று சொல்வது அதனால்தான். அப்போலோ உடையும் இதற்கு விலக்கில்லை. சதுர அங்குலத்துக்கு 3.7 பவுண்டு அழுத்தத்தில் ஆளைச் சுற்றிக் காற்றைப் பிடித்துவைத்த உள்பையிலும், முழங்கை முழங்கால் மடிப்புகளிலும் இருப்பது ரப்பர்தான். நிலவுக்குப் போய்வரச் செய்த உடை அது. ஐம்பது ஆண்டு அலமாரியில் கிடக்கச் செய்ததல்ல. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் அவற்றைக் குளிரில், சுமார் 30 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்துப் பாதுகாக்கிறது. நம் சிங்கப்பூர் ஈரப்பதத்தைச் சொல்லவே வேண்டாம். கேமரா வைக்கும் உலர்பெட்டிக்குள் ஒரு முகமூடி அடங்கும், முழு உடை எங்கே அடங்கும்!

இந்த நிலைக்கு வீட்டில் என்ன சொல்கிறோம்? “ரப்பர் பேண்ட் இத்துப்போச்சு.” எழுத்தில் இற்றுப்போதல். பட்டியலுக்கு ‘இற்றது’, ‘இறாதது’ என்று சுருக்கிக்கொள்ளலாம். ‘இறத்தல்’ நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்வார்கள். இற்றுப்போன கயிற்றைப் பார்த்து யாரும் துக்கம் விசாரிப்பதில்லை.

ரப்பருக்கு நாம் சொல் தேடி அலைவதே எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. 1877இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர்ப் பூமலைக்கு, அதாவது தாவரவியல் பூங்காவுக்கு, வந்து இறங்கின. அப்புறம் அந்தப் பூங்காவின் இயக்குநர் ரிட்லி, மரத்துக்குக் கேடு வராமல் பால் எடுக்கும் முறையை அங்கே கண்டறிந்து தோட்டக்காரர்களை நடச்சொல்லி நச்சரித்தார். அந்தத் தோட்டங்களில் வெட்டியது நம் ஆட்கள். பால்மரம், பால் வெட்டு, ஒட்டுப்பால், கட்டிப்பால் என்று அவர்கள் வைத்த பெயர்களை எந்தக் குழுவும் கூடி முடிவு செய்யவில்லை.

இரண்டாவது, ஒட்டும் வகை. ரப்பரின் நீண்ட சங்கிலிகள் துண்டுபட்டு இளகுவதும் உண்டு; பிவிசி குழாயில் மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய் வெளியே கசிவதும் உண்டு. காரணம் வேறு, ஆனால் தொடுகிறவர் விரலுக்கு இரண்டும் ஒன்றுதான். ‘பிசுக்கேறல்’ என்று போடலாம்.

மூன்றாவது பாலியூரித்தேன் நுரை. அலமாரியில் பத்திரமாக வைத்த காலணியின் அடி, போட்டுக்கொண்டு எம்ஆர்டி ரயில் ஏறிய அன்றே பிய்ந்துவிழுவதைப் பார்க்காதவர் இங்கே குறைவு. ஈரம் அந்தச் சேர்மத்தை உடைப்பதால் அப்படி ஆகிறது. பழைய தலைக்கவசங்களின் உள்நுரைக்கும் அதே கதி. ‘உதிர்தல்’ போதும்.

எக்ஸ்ரே அங்கியைத் தனியாக வையுங்கள். ஈயத்தூள் கலந்த ரப்பரை மடித்துவைத்தால் மேல்துணி நன்றாக இருக்கும்போதே உள்ளே விரிசல் விடும். மருத்துவமனைகளில் அதைக் கண்டுபிடிக்க அங்கியையே எக்ஸ்ரே எடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாததால் இதை ‘உள்விரிசல்’ என்கிறேன். ‘மடிவெடிப்பு’ என்று முன்பு ஒருவர் எழுதியது காதுக்கு நன்றாயிருக்கிறது, ஆனால் மடிக்காமலும் வரும்.

முகமூடி வடிகட்டிக்கு நிலைச்சொல்லைவிட எச்சரிக்கைதான் முக்கியம். இரண்டாம் உலகப்போர்க் காலப் பிரிட்டிஷ் முகமூடிகள் பலவற்றின் வடிகட்டியில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உண்டு. திறக்காதீர்கள், மாட்டிக்கொண்டு படம் எடுக்காதீர்கள்.

மாதிரிக்கு ஒரு வரி:

முகமூடி, பிரிட்டன், 1939–45. முகப்பகுதி: இறாதது. வார்: இற்றது. வடிகட்டி: கல்நார், மூடி முத்திரையிட்டது.

‘இறாதது’ பேச்சில் நிற்காது என்று தோன்றினால் ‘நல்நிலை’ என்று மாற்றுங்கள், எனக்குச் சம்மதம். ‘சிதைவு’க்கு மட்டும் என் வாக்கு கிடையாது.