1929 பழுப்பு முத்திரை 20 டாலர்: இரண்டுமே நேஷனல் பேங்க் நோட்டா?

கேள்வி:
1929 சீரிஸில் இரண்டு 20 டாலர் நோட்டு விலைக்கு வந்திருக்கிறது. இரண்டிலும் பழுப்பு முத்திரை, தலைப்பில் 'நேஷனல் கரன்சி'. முதலாவது சான்ஃபிரான்சிஸ்கோ பேங்க் ஆஃப் அமெரிக்கா; கறுப்பில் 13044 இரண்டு இடத்தில், வரிசை எண் 'டி'யில் தொடங்கி 'ஏ'யில் முடிகிறது. அடுத்தது சிகாகோ ஃபெடரல் ரிசர்வ் பேங்க், பெரிய 'ஜி'. விற்பவர் இரண்டையுமே அரிய நேஷனல் (அரசு உரிமம் பெற்ற தனி வங்கி தன் பெயரில் வெளியிட்ட நோட்டு) என்கிறார். எதை வைத்து விலை பேசுவது?

பதில்:
சிகாகோ நோட்டு நேஷனலே இல்லை, ஃபெடரல் ரிசர்வ் பேங்க் நோட்டு, அதாவது அமெரிக்க மத்திய வங்கி அமைப்பின் வட்டார வங்கி வெளியிட்டது. 1933 வங்கி நெருக்கடியில் அவசரத் தேவைக்காக, நேஷனலுக்கு வைத்திருந்த தாளையே எடுத்து அடித்தார்கள். அதனால்தான் தலைப்பும் முத்திரையும் ஒன்றுபோல் இருக்கின்றன. சார்ட்டர் எண் (நேஷனல் வங்கிக்கு அரசு கொடுத்த உரிம எண்) இருக்காது. அந்த 'ஜி' ஃபெடரல் ரிசர்வின் சிகாகோ மாவட்டத்துக்கான எழுத்து.

13044தான் நேஷனல். அது வங்கியின் சார்ட்டர் எண். கறுப்பில் மட்டும் இரண்டு முறை என்றால் டைப் 1. ஆறு நோட்டுள்ள தாளில் எல்லாவற்றுக்கும் ஒரே எண், முன்னெழுத்து மட்டும் ஏ முதல் எஃப் வரை மாறும், உங்களுடையது நான்காவது. 1933இல் வரத் தொடங்கிய டைப் 2இல் கடைசி எழுத்து கிடையாது, சார்ட்டர் எண் பழுப்பிலும் இரண்டு முறை வரும். ஜோன்ஸ், வுட்ஸ் என்ற கருவூல அதிகாரிகளின் கையெழுத்தை வைத்து வருடம் கணிக்க வேண்டாம், 1929 நேஷனல் எல்லாவற்றிலும் அவர்கள்தான்.

பதில்:
அரிது என்பதெல்லாம் விற்பவர் பேச்சு. 13044 ஏராளமாக வெளியிட்ட வங்கி. இன்றும் சுலபமாகக் கிடைக்கும். நேஷனலில் விலையைத் தீர்மானிப்பது அந்த வங்கியின் நோட்டு எத்தனை மிஞ்சியிருக்கிறது என்பதுதான். நாலைந்தே மிஞ்சிய சிற்றூர் வங்கியின் கசங்கிய நோட்டு, இந்த வங்கியின் மடிப்பே விழாத நோட்டைவிட அதிகம் போகும். ஹெரிடேஜ் என்ற அமெரிக்க ஏல நிறுவனத்தின் பதிவுகளில் அதே சார்ட்டர், அதே மதிப்பு, அதே டைப், அதை ஒட்டிய கிரேடு (நோட்டின் நிலைத் தரம்) என்று பாருங்கள். அதில் தெரியும் தொகையில் வாங்குபவர் கட்டும் ஏலக் கமிஷனும் சேர்ந்திருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

பதில்:
வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளை தெரியும். அளவு 156 × 66 மி.மீ.; குறைந்தால் கிழிந்த ஓரத்தை வெட்டிச் சீராக்கியிருக்கலாம். 'புதுசு' என்று விற்கும் நோட்டில் வரிசை எண்ணின் அழுத்தம் பின்பக்கம் தெரிய வேண்டும். தட்டையாக, வெளுத்து இருந்தால் அலசி அழுத்திய நோட்டு. அதற்கு முழு விலை கொடுக்காதீர்கள். வாங்கிய பிறகு நீங்களும் அயர்ன் பண்ணிவிடாதீர்கள். பிவிசி உறையும் வேண்டாம், மைலார் (பாலியெஸ்டர்) உறை போதும்.