கடைமடைச் சம்பாவுக்கு எந்த நெல் ரகம்? அனுபவமுள்ளோர் வழிகாட்ட வேண்டுகிறேன்

வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டக் கடைமடைப் பகுதியில் நவம்பர் மழையில் சம்பா நெல் மூழ்கி அழுகுவதே எங்கள் பெருங்கவலை என்பதால், தூர் கட்டும் பருவத்தில் சுமார் இரண்டு வாரம் வெள்ளத்தைத் தாங்கக்கூடிய சி.ஆர். 1009 சப் 1 ரகத்தை இம்முறை விதைக்க எண்ணுகிறோம். பூக்கும் தருணத்து மழைக்கு அந்தத் தன்மை உதவாது என்பதை அறிவோம். ஆனால் அந்த ரகம் 150 நாள்களுக்கு மேல் வயலில் நிற்பதால், அறுவடைக்கு முன் ஈரத்தில் தெளிக்கும் உளுந்து பிந்திவிடுமோ என்று அஞ்சுகிறோம். சிறு விவசாயிகளுக்கு அந்த உளுந்துதான் கையில் மிஞ்சும் பணம். களிமண் வயலில் இந்த நெல்லை, நாற்று நடாமல், நேரடி விதைப்பாகச் செய்தவர்கள், எந்த வாரத்தில் விதைத்தீர்கள், உளுந்து எப்படி விளைந்தது, வெள்ளம் வடிந்தபின் மேலுரம் எவ்வளவு இட்டீர்கள் என்பதைத் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள். ஆடுதுறை 39 போன்ற மத்திய கால ரகமே மேல் என்று கருதுவோர் அதற்கான காரணத்தையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.